பெருவிரலை வளைத்த காலணி

கேம்பிரிட்ஜ் நகரின் நடுவே ஒரு காலத்தில் அகஸ்தீனியத் துறவிகளின் மடம் இருந்தது. அங்கே தோண்டியெடுத்த எலும்புக்கூடுகளில் துறவி யார், மடத்துக்கு நன்கொடை கொடுத்து இடம்பெற்ற ஊர்ப் பெரியவர் யார் என்று ஆய்வாளர்கள் பிரித்தறிய உதவியது இடுப்புவாரின் கொக்கி. துணி மக்கிவிடும், உலோகக் கொக்கி மிஞ்சும். அப்படி அடையாளம் தெரிந்த 11 துறவிகளில் 5 பேருக்குக் கால் பெருவிரல் கோணியிருந்தது.

மருத்துவர்கள் ‘ஹாலக்ஸ் வால்கஸ்’ என்று சொல்லும் கோளாறு இது. பெருவிரல் மற்ற விரல்களின் பக்கம் சாய்கிறது. அதன் அடியிலுள்ள நீண்ட எலும்பு எதிர்ப்பக்கம் விலகுகிறது. இரண்டும் சேரும் மூட்டு பாதத்தின் உள்விளிம்பில் புடைத்துக்கொண்டு நிற்கிறது. புதிதாக எலும்பு முளைத்துவிட்டதாகப் பலர் பயப்படுகிறார்கள். அந்தப் புடைப்பில் பெரும்பகுதி, இடம் மாறிய பழைய எலும்பின் தலைதான். செருப்பின் உராய்வில் அதன்மேல் தோல் சிவந்து, வீங்கி, வலிக்கும். ஆண்டுக்கணக்கில் விரல் சாய்ந்தே இருந்தால் மூட்டின் பரப்பும் மாறிவிடும். ஐந்நூறு ஆண்டு கழித்துப் பார்த்தாலும் எலும்பில் அந்தத் தடம் தெரியும்.

பியர்ஸ் மிட்சல், ஜென்னா டிட்மர் முதலிய ஆய்வாளர்கள் கேம்பிரிட்ஜிலும் சுற்றுப்புறத்திலும் கிடைத்த 177 எலும்புக்கூடுகளில் இந்தத் தடத்தைத் தேடி, 2021-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 11 முதல் 13-ஆம் நூற்றாண்டு வரையிலானவர்களில் 6 சதவீதத்தினருக்கே கோணல் இருந்தது. 14, 15-ஆம் நூற்றாண்டுக்காரர்களில் அது 27 சதவீதம். இடைப்பட்ட காலத்தில் மனித உடல் மாறிவிடவில்லை, மாறியது காலணி.

14-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவைப் பிடித்தாட்டிய மோகம் ‘பூலேன்’ என்ற கூர்முனைக் காலணி. முனை வெகுதூரம் நீளும்; விரல் அதற்குள் போகாது. வடிவம் குலையாமல் நிற்க முனைக்குள் பாசியைத் திணித்தார்கள். லண்டனில் தேம்ஸ் கரைச் சேற்றில் கிடைத்த தோல் காலணிகளில் அந்தப் பாசி இன்றும் இருக்கிறது. நீண்ட முனை பார்வைக்குத்தான். பாதத்தை நெருக்கியது அதற்குப் பின்னால் வந்த குறுகல்.

யார் காலில் அந்தக் காலணி ஏறியது என்பதையும் எலும்பே சொல்கிறது. கிராமத்து இடுகாட்டில் கோணல் விரல் 3 சதவீதம். நகரத்து உழைப்பாளிகளைப் புதைத்த கோவில் இடுகாட்டில் 10. இன்றைய செயின்ட் ஜான்ஸ் கல்லூரி இருக்குமிடத்தில் அன்றிருந்த ஆதரவற்றோர் மருத்துவமனையில் 23. மடத்தில் 43! பாதிக்கப்பட்ட 31 பேரில் 20 பேர் ஆண்கள். இந்த நோயைப் பெண்களின் ஹைஹீல்ஸோடு மட்டும் முடிச்சுப் போடுகிறவர்கள் கவனிக்கவேண்டிய கணக்கு இது.

திருச்சபை முன்கூட்டியே எச்சரித்திருந்தது. 1215-இல் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் குருக்கள் கூர்முனைக் காலணி அணியக் கூடாது என்று விதித்தது. பின்னரும் தடையைப் புதுப்பிக்கவேண்டி வந்தது என்றால், யாரும் கேட்கவில்லை என்றுதான் பொருள். 1463-இல் மன்னர் நான்காம் எட்வர்ட் காலத்துச் சட்டம், பிரபுவுக்குக் கீழ்ப்பட்ட எவருடைய காலணி முனையும் இரண்டு அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்றது. அந்தஸ்தைக் காக்கப் போட்ட சட்டம் அது. பாதத்தைப் பற்றி அன்று கவலைப்பட்டவர் இல்லை.

கவலைப்பட்டிருக்கவேண்டும். பெருவிரல் கோணியவர்களின் எலும்புகளில், கீழே விழுந்து ஏற்பட்ட முறிவுகளும் அதிகம். குறிப்பாகக் கை எலும்புகள் முறிந்திருந்தன. நிலைதடுமாறி முன்பக்கம் சாயும்போது கையை ஊன்றியிருக்கிறார்கள். நடையில் உடலை முன்னே உந்தித் தள்ளுவது பெருவிரல். அது விலகினால் முதுமையில் முழு உடம்பும் ஆட்டம் காண்கிறது.

பூலேன் மறைந்த பிறகும் பாதத்துக்கு விடிவு வரவில்லை. 17-ஆம் நூற்றாண்டில் குதிகால் உயர்த்திய காலணி பரவியதும், இடது வலது பேதமில்லாத நேர் அச்சில் தைக்கும் வழக்கம் நிலைத்தது. 1781-இல் பெட்ரூஸ் காம்பர் என்ற டச்சு உடற்கூறியலாளர் காலணியின் சரியான வடிவத்தைப் பற்றியே தனி நூல் எழுதினார். 1850-களில் ஜூரிக் பேராசிரியர் ஹெர்மன் வான் மேயர், பெருவிரலின் நடுவே இழுக்கும் கோடு குதிகாலின் நடுவைத் தொடவேண்டும், அந்தக் கோட்டை ஒட்டியே காலணியை வெட்டவேண்டும் என்று வரைந்தே காட்டினார். கடைகளில் இன்று விற்கும் பல ஷூக்கள் அந்தச் சோதனையில் தேறாது.

காலணியே இல்லாவிட்டால் என்ன ஆகும்? அதற்கு விடை நெப்போலியன் சிறையிருந்து இறந்த செயின்ட் ஹெலினா தீவில் கிடைத்தது. அங்கே ஒரு பகுதியினர் ஷூ அணிந்தார்கள், மற்றவர்கள் வெறுங்காலோடு நடந்தார்கள். 3,515 பேரின் பாதங்களைப் பார்த்த ஷைன் என்ற மருத்துவர் 1965-இல் கணக்குத் தந்தார். வெறுங்காலர்களில் கோணல் 2 சதவீதம். அறுபது ஆண்டுக்கு மேல் ஷூ போட்ட ஆண்களில் 16, பெண்களில் 48. ஷூவையே அறியாதவர்களிலும் அந்த 2 சதவீதம் இருப்பதை மறந்துவிடக் கூடாது. பாதத்தின் அமைப்பு பெற்றோர் வழியாகவும் வருகிறது. அப்படிப்பட்ட பாதத்தைக் குறுகிய ஷூ இன்னும் வேகமாக வளைக்கிறது.

அறுவை சிகிச்சையின் கதை நீளமானது. 1881-இல் ஜெனீவாவின் ரெவர்டின் எலும்பை ஆப்பு வடிவில் வெட்டி நிமிர்த்தினார். 1904-இல் அமெரிக்க ராணுவ மருத்துவர் கெல்லர், விரலெலும்பின் அடிப்பகுதியையே நீக்கினார். இதுவரை நூற்றுக்கும் மேற்பட்ட முறைகள் வந்துவிட்டன. எல்லோருக்கும் பொருந்தும் ஒன்று இருந்திருந்தால் இத்தனை தேவைப்பட்டிருக்காது. அழகுக்காகக் கத்தி வைப்பதை மருத்துவர்கள் ஆதரிப்பதில்லை; வலி தாங்காமல் நடையே முடங்கும்போதுதான் அந்த முடிவு. சந்தையில் விற்கும் பட்டைகளும் விரலிடைப் பஞ்சுகளும் வலியைக் குறைக்கலாம், வளர்ந்தவர்களின் வளைந்த எலும்பை நிரந்தரமாக நிமிர்த்தாது. முன்பக்கம் அகன்ற, குதிகால் தாழ்ந்த செருப்புதான் முதல் மருந்து. சர்க்கரை நோயாளிகள் அந்தப் புடைப்பில் சிறு புண் வந்தாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டவேண்டும்.

அடுத்த முறை செருப்புக் கடைக்குப் போகுமுன் ஒரு தாளின்மேல் நின்று பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, அதைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரமாக இருந்தால் நல்லது. வாங்க நினைக்கும் ஷூவை அந்தக் கோட்டின்மேல் வையுங்கள். கோடு வெளியே தெரிந்தால் அந்த ஷூ வேண்டாம். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு வாங்கும்போது இதைத் தவறாமல் செய்யுங்கள்.