நான்கு ஊசிகளும் ஒரு குல்லாயும்

மார்கழி மாதக் காலையில் கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறும் பேருந்தைக் கவனித்தால் ஒன்று தெரியும். சிலர் துண்டை இறுக்கிக் கட்டியிருப்பார்கள், சிலர் போர்வையைத் தலையோடு போர்த்தியிருப்பார்கள், மற்றவர்கள் தலையில் "மங்கி கேப்". கல்வராயன் மலை ஊட்டி அளவுக்கு உயரமில்லை. ஆனால் விடியற்காலைப் பனி காதுக்குள் இறங்கும்போது, குல்லாய் கண்டுபிடித்தவனுக்குக் கோயில் கட்டலாம் என்று தோன்றும்.

அந்தக் குல்லாயைக் கழற்றி உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். பின்புறம் ஒரு தையல் ஓடினால் அது தட்டைத் துணியாகப் பின்னி மூட்டப்பட்டது. தையலே இல்லையென்றால் வட்டமாகப் பின்னப்பட்டது. இந்தச் சின்ன வித்தியாசத்துக்குப் பின்னால் பல நூற்றாண்டுகளின் வரலாறு இருக்கிறது. சட்டம், கலவரம், தூக்குத்தண்டனை எல்லாம் அதில் உண்டு.

முதலில் அடிப்படை. தறியில் நெய்யும் துணிக்குப் பாவு, ஊடை என்று இரண்டு வகை நூல் வேண்டும். பின்னலுக்கு ஒரே நூல் போதும். அந்த நூலில் ஒரு கண்ணி, அந்தக் கண்ணிக்குள் இன்னொரு கண்ணி, அதற்குள் இன்னொன்று... அவ்வளவுதான். கண்ணிகள் நெகிழ்ந்து கொடுப்பதால் பின்னல் துணி இழுபடும், விட்டால் சுருங்கும். தலை, கை, கால் போன்ற உருண்டையான உறுப்புகளுக்கு இது அளவெடுத்தது போலப் பொருந்துவது அதனால்தான்.

வட்டப் பின்னலுக்கு இரண்டு முனையும் கூரான நான்கு அல்லது ஐந்து ஊசிகள். மூன்றிலோ நான்கிலோ கண்ணிகள் நிற்கும்; மிச்சமுள்ள ஓர் ஊசி பின்னும். திருகுப் படிக்கட்டு போலச் சுற்றிச் சுற்றி மேலேறினால் ஒரு குழாய் கிடைக்கும். உச்சிக்கு வரும்போது இரண்டிரண்டு கண்ணிகளை ஒன்றாக்கிக் குறைத்துக்கொண்டே போய், கடைசிக் கண்ணிகளில் நூலை நுழைத்து இழுத்தால் குல்லாய் தயார்.

அதன்மேல் கயிறு முறுக்கியது போல ஓடும் வேலைப்பாட்டுக்குக் "கேபிள்" என்று பெயர். மூன்று கண்ணிகளை ஒரு குட்டி ஊசிக்கு மாற்றி முன்னால் தொங்கவிட்டு, அடுத்த மூன்றை முதலில் பின்னி, பிறகு தொங்கிய மூன்றைப் பின்ன வேண்டும். இடம் மாறிய கண்ணிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி முறுக்காகத் தெரியும். வட்டமாகப் பின்னும்போது துணியின் வெளிப்பக்கமே எப்போதும் கண்முன் இருப்பதால் முறுக்கு தப்பினால் உடனே தெரிந்துவிடும். ஒரே சிக்கல், கேபிள் துணியை உள்ளிழுக்கும். அதனால் சாதாரணக் குல்லாயைவிடக் கூடுதல் கண்ணிகள் போட வேண்டும்.

இந்த வேலை எங்கே தொடங்கியது? உறுதியான பழைய சான்றுகள் எகிப்தில் கிடைத்தவை. சுமார் 11 முதல் 14-ஆம் நூற்றாண்டு வரையிலான காலுறைத் துண்டுகள், நீலமும் வெள்ளையுமாக, மெல்லிய பருத்தி நூலில் பின்னப்பட்டவை. ஆமாம், கம்பளி இல்லை, பருத்தி! பின்னல் என்றாலே குளிர்நாட்டுச் சமாச்சாரம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பாவில் 1400-ஐ ஒட்டி மாஸ்டர் பெர்ட்ராம் என்ற ஜெர்மன் ஓவியர் வரைந்த பலிபீட ஓவியம் ஒன்றில், மேரி மாதா நான்கு ஊசிகளால் தையலில்லாத ஒரு சட்டையைப் பின்னிக்கொண்டிருக்கிறார். வட்டப் பின்னல் அன்றே வழக்கத்தில் இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

இங்கிலாந்தில் பின்னல் குல்லாய் பெரிய தொழிலாக இருந்தது. வட்டமாகப் பின்னி, தண்ணீரில் அடித்து, கெட்டியாக்கி விற்பார்கள். தொப்பி நாகரிகம் மாறியதும் தொழில் படுத்துவிட்டது. உடனே 1571-ல் எலிசபெத் அரசியின் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது: ஆறு வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் ஞாயிறு, பண்டிகை நாட்களில் இங்கிலாந்தில் செய்த கம்பளிக் குல்லாய்தான் அணிய வேண்டும். மீறினால் நாளொன்றுக்கு 3 ஷில்லிங் 4 பென்ஸ் அபராதம். பிரபுக்களுக்கும் சீமாட்டிகளுக்கும் விலக்கு உண்டு (சட்டம் என்றால் எப்போதும் இப்படித்தானே!). ஆனாலும் யாரும் பெரிதாக மதிக்கவில்லை. 1597-ல் சட்டத்தையே ரத்து செய்துவிட்டார்கள். வாங்குபவனைச் சட்டத்தால் கட்டிப்போட்டு ஒரு தொழிலைக் காப்பாற்ற முடியாது என்ற பொருளாதாரப் பாடம் அன்றே நடத்தப்பட்டுவிட்டது.

அதற்குள் இன்னொரு பூதம் கிளம்பியிருந்தது. 1589-ல் வில்லியம் லீ என்ற பாதிரியார் காலுறை பின்னும் சட்டகம் ஒன்றைச் செய்தார். கையால் ஒவ்வொரு கண்ணியாகப் போடுவதற்குப் பதில் ஒரு வரிசை முழுவதையும் ஒரே முறையில் போடும் இயந்திரம். அரசி காப்புரிமை தர மறுத்தார் என்றும், கைப்பின்னல்காரர்களின் பிழைப்பு போய்விடுமே என்பதே அதற்குக் காரணம் என்றும் சொல்லப்படுகிறது. ஆனால் இயந்திரம் நிற்கவில்லை. 1811-ல் அதே நாட்டிங்காம் வட்டாரத்தில் சட்டகத் தொழிலாளர்கள் சட்டகங்களை உடைக்கத் தொடங்கினார்கள். இவர்கள்தான் லுட்டைட்டுகள். இயந்திரத்தைக் கண்டு மிரண்ட பட்டிக்காட்டான்கள் என்று இவர்களைக் கேலி செய்வது இன்றும் வழக்கம். உண்மையில் அவர்களே இயந்திரத்தில் வேலை செய்தவர்கள்தான். அகலமான துணியாகப் பின்னி, வெட்டித் தைத்து, மட்டமான காலுறையை மலிவாக விற்று, கூலியையும் குறைத்த முதலாளிகள் மீதுதான் அவர்கள் கோபம். பதிலாக 1812-ல் சட்டகம் உடைத்தால் மரண தண்டனை என்று சட்டம் வந்தது. கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் அதை எதிர்த்துப் பேசினார். பயனில்லை.

1816-ல் மார்க் புரூனல் வட்டமாகப் பின்னும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். நான்கு ஊசிப் பாட்டியின் வேலையை இரும்பு எடுத்துக்கொண்டது.

நம் பக்கம் வருவோம். தமிழ்நாட்டுக்குத் தறி பழையது, பின்னல் புதியது. ஆட்டு ரோமத்தில் கம்பளி நெய்யும் குறும்பர்கள் இருந்தார்கள். ஆனால் அந்த ரோமம் முரடு, மெல்லிய நூலுக்கு ஆகாது. மெல்லிய ரோமம் தரும் தமிழ்நாட்டு ஆடு நீலகிரி ஆடு மட்டுமே. 19-ஆம் நூற்றாண்டில் உள்ளூர் ஆடுகளோடு மெரினோ போன்ற வெளிநாட்டு இனங்கள் கலந்து உருவான இனம் அது. மேய்ச்சல் நிலம் தேயிலைக்கும் மரத்தோப்புகளுக்கும் போனதில் எண்ணிக்கை மிகவும் குறைந்து, இப்போது சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையம் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

கையில் நூல் பிடித்த பெண்கள் வரலாற்றை மாற்றிய கதை ஒன்று நாகர்கோவிலில் இருக்கிறது. 1820-களில் மிஷனரி மார்த்தா மால்ட் அங்கே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார். திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிந்தது 1855-ல்தான். அதற்கு முன்பே லேஸ் விற்ற காசில் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கிய பெண்கள் இருந்தார்கள். கைவேலைக்கு நியாயமான விலை கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதற்குமேல் உதாரணம் தேவையில்லை.

பிறகு திருப்பூர். 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பனியன் பின்னத் தொடங்கிய ஊர், 1970-களின் இறுதியில் நேரடி ஏற்றுமதியில் இறங்கியது. அங்கே ஓடும் வட்டப் பின்னல் இயந்திரம் அடிப்படையில் அதே நான்கு ஊசி வேலைதான், துணி குழாயாகவே வரும். நூல் மட்டும் படுமெல்லியது. 30-ஆம் நம்பர் பருத்தி நூல் என்றால் ஒரு பவுண்டில் 840 கஜச் சிட்டங்கள் முப்பது, அதாவது 25,200 கஜம். 100 கிராமுக்குச் சுமார் 5 கிலோமீட்டர்! கைப்பின்னல்காரர்கள் "மெல்லியது" என்று சொல்லும் காலுறைக் கம்பளி நூல் 100 கிராமுக்கு 400 மீட்டர்தான்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. மெல்லிய நூலில் ஒரு கேபிள் குல்லாய்க்குச் சுற்றுக்கு 160 கண்ணிகள், 88 சுற்றுகள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 14,080 கண்ணிகள். பழகிய கை நிமிடத்துக்கு 30 கண்ணி போட்டால் ஏறக்குறைய 8 மணி நேரம். கேபிள் திருப்பும் நேரத்தையும் சேர்த்தால் 10 மணி நேரம். 30 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 ஊசி, 90 நூல் ஊட்டிகள் கொண்ட வட்ட இயந்திரம் நிமிடத்துக்கு 25 சுற்று சுற்றினால் எவ்வளவு தெரியுமா? 50 லட்சம் கண்ணிகள். நம் குல்லாய்க்கான கண்ணிகள் அதற்குக் கால் விநாடிகூடப் பிடிக்காது.

ஆனால் சாதாரண பனியன் துணி இயந்திரத்தால் கேபிள் போட முடியாது. கண்ணிகளை இடம் மாற்றும் வசதி அதில் இல்லை. அதற்கு இரண்டு ஊசிப் படுக்கைகள் கொண்ட தட்டை இயந்திரம் வேண்டும். லூதியானாவில் ஸ்வெட்டரும் குல்லாயும் பின்னுவது அந்த வகையில்தான். 1995-ல் ஜப்பானின் ஷிமா செய்கி நிறுவனம் முழு ஆடையையும் தையலின்றிப் பின்னும் இயந்திரத்தைக் கொண்டுவந்த பிறகு அந்தக் கோட்டையும் விழுந்தது. நூலும் கம்பளியிலிருந்து அக்ரிலிக்குக்கு மாறிவிட்டது.

சந்தையில் நூறு, நூற்றைம்பது ரூபாய்க்குக் குல்லாய் கிடைக்கும்போது பத்து மணி நேரக் கைவேலைக்கு யார் காசு கொடுப்பார்கள்? கொடுக்கிறார்கள். அயர்லாந்தின் ஆரன் தீவுகளைப் பாருங்கள். 1891-ல் தொடங்கப்பட்ட ஓர் அரசு வாரியம் மேற்குக் கரையின் ஏழ்மையைப் போக்க மீன்பிடிப்பையும் கைத்தொழில்களையும் ஊக்குவித்தது. 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தீவுப் பெண்கள் கேபிள் ஸ்வெட்டர்களை உருவாக்கினார்கள். 1930-ல் டப்ளினில் மூரியல் கஹன் திறந்த கடை அவற்றை விற்றது. 1936-ல் ஒன்றைப் பார்த்த ஹெய்ன்ஸ் கீவே, இது ஆயிரமாண்டுப் பழமையானது என்று கதை கட்டினார். கதை பொய், ஸ்வெட்டர் உண்மை, வருமானமும் உண்மை. உலகம் இன்றும் வாங்குகிறது.

கல்வராயன் மலைக்கு இதில் என்ன இருக்கிறது? 1976 வரை இந்த மலை சடைய கவுண்டர், குறும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்தாரர்களின் கையில் இருந்தது. மலைமக்கள் கூலியில்லாமல் உழைத்த காலம் நம் தாத்தாக்களின் நினைவுக்கு எட்டும் தூரம்தான். இன்று கடுக்காயும் புளியும் தேனும் மலையிறங்குகின்றன. வேலை தேடி இளைஞர்களும் இறங்குகிறார்கள், பலர் திருப்பூருக்கே. கீழே கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் கிடைத்த பொருளுக்கு விலை கேட்கலாம். பெயரில்லாத பொருளுக்கு வாங்குபவன் சொன்னதுதான் விலை.

மலையில் எல்லோரும் நாளை முதல் குல்லாய் பின்ன வேண்டும் என்பதல்ல இதன் முடிவு. குல்லாயின் வரலாறு சொல்வது வேறு. சட்டம் போட்டு வாங்க வைத்தது தோற்றது. இயந்திரத்தை உடைத்ததும் தோற்றது. நாகர்கோவிலிலும் ஆரனிலும் ஜெயித்தது ஒன்றுதான்: செய்பவரின் நேரத்தைக் கணக்கில் எழுதி, அதை விலையாகக் கேட்க ஒரு கடையும் ஒரு பெயரும் இருந்தது. அடுத்த முறை கைவேலைப் பொருளுக்குப் பேரம் பேசும்போது, அதில் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று முதலில் கேட்டுப் பாருங்கள். பேரத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.