ஃபாரடே எழுப்பிய மதில்

கடவுள் நம்பிக்கை கொண்டிருந்த அறிவியலாளர்களின் பட்டியல் ஒன்று குருமட நாள்களிலிருந்தே என் குறிப்பேட்டில் உண்டு. வோல்டா, பாஸ்டர், ஃபாரடே என்று நீளும் அப்பட்டியலை மறையுரைகளில் பலமுறை எடுத்தாண்டிருக்கிறேன். "மின்னாக்கியின் தத்துவத்தைக் கண்டறிந்த ஃபாரடேயே கடவுளை நம்பினார், நாம் ஐயுறலாமா?" என்று முழங்கியதும் உண்டு. ஒரு ஞாயிறன்று திருப்பலி முடிந்தபின் பொறியியல் பயிலும் மாணவர் ஒருவர் ஆலய வாசலில் என்னை நிறுத்தி, "சாமி, அவர் தம் ஆராய்ச்சியினால் கடவுளை நம்பினாரா, அல்லது ஆராய்ச்சிக்கு வெளியே நம்பினாரா?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. அதைத் தேடிப் படித்ததன் விளைவே இக்கட்டுரை.

மைக்கேல் ஃபாரடே 1791 செப்டம்பர் 22 அன்று இலண்டன் அருகே நியூவிங்டனில் பிறந்தார். தந்தை கொல்லர், அடிக்கடி நோயுற்றவர். தானிய விலை ஏறிய 1801-ஆம் ஆண்டில், ஒரு வாரத்திற்கென்று ஒரே ஒரு ரொட்டிதான் சிறுவனின் பங்காகக் கிடைத்ததாம். பதின்மூன்று வயதில் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் ஏவல் பையனாகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு அங்கேயே புத்தகம் கட்டும் தொழில் பயிலத் தொடங்கினார். கட்டுவதற்கு வந்த கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய பகுதியும், ஜேன் மார்செட் அம்மையார் உரையாடல் வடிவில் எழுதிய வேதியியல் நூலும் அவருக்குப் பள்ளியாயின. படித்ததை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், கையிலிருந்த சில்லறைக் காசுக்கு இயன்ற சோதனைகளைச் செய்து சரிபார்த்தார் என்பதே எனக்கு வியப்பூட்டுவது. 1812-இல் வாடிக்கையாளர் ஒருவர் தந்த அனுமதிச் சீட்டுகளால் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகள் நான்கைக் கேட்டார். கேட்டவற்றை விரிவாக எழுதி, தம் கையாலேயே நூலாகக் கட்டி, டேவிக்கு அனுப்பினார். 1813 மார்ச்சில் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் பணி கிடைத்தது. உயர் கணிதம் மட்டும் அவருக்குக் கடைசிவரை கைவரவில்லை.

காந்தத்தைச் சுற்றி மின்கம்பியைச் சுழலச் செய்து, மின்மோட்டாரின் முதல் வடிவத்தை 1821-இல் அவர் காட்டினார். மின்சாரம் காந்தத்தை உண்டாக்குமெனில், காந்தம் மின்சாரத்தை உண்டாக்காதா? பலமுறை முயன்று தோற்ற பிறகு, 1831 ஆகஸ்ட் 29 அன்றுதான் இதற்கு விடை கிட்டியது. இதனை எல்லாரும் சொல்வர். எனக்குப் பிடித்தது ஒரு கண்ணாடித் துண்டின் கதை. 1820-களின் பிற்பகுதியில், தொலைநோக்கிகளுக்கு ஏற்ற கண்ணாடி செய்யும் பணி அவர்மேல் சுமத்தப்பட்டது. ஆண்டுகள் சில கழிந்தன. எதிர்பார்த்த பயன் விளையவில்லை. ஈயம் கலந்த கனத்த கண்ணாடித் துண்டுகள் சில மிஞ்சின. 1845 செப்டம்பரில் அவற்றுள் ஒன்றைக் காந்தத்தின் அருகே வைத்து, ஒரே தளத்தில் அதிரும் ஒளியை அதனூடே செலுத்தியபோது, அத்தளம் திரும்புவதைக் கண்டார். ஒளிக்கும் காந்தத்திற்கும் உறவுண்டு என்பதை, வீணாயிற்று என்று கருதப்பட்ட உழைப்பின் எச்சமே காட்டிற்று.

மாணவரின் வினாவுக்கு வருவோம். 1853-இல் இங்கிலாந்தெங்கும் மேசை சுழற்றும் மோகம் பரவியிருந்தது. பலர் வட்டமாக அமர்ந்து மேசைமேல் கைகளை வைப்பர். சற்று நேரத்தில் அது நகரத் தொடங்கும். ஆவிகளின் செயல் என்றனர் சிலர். மின்சாரம் என்றனர் வேறு சிலர். ஃபாரடே நேர்மையானவர்கள் எனத் தாம் அறிந்தவர்களையே சோதனைக்கு அமர்த்தினார். அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இளகும் பசையால் ஒட்டி, அவர்கள் கைகளுக்குக் கீழே வைத்தார். மேசை தானே நகர்ந்திருந்தால் மேலட்டை பின்தங்கியிருக்க வேண்டும். நடந்ததோ வேறு: மேலட்டையே முந்திச் சென்றிருந்தது. தள்ளியவை கைகள்தாம். பின்னர், கைகளின் தள்ளுதலைக் காட்டும் முள் ஒன்றைப் பொருத்தி, அமர்ந்திருந்தோரின் கண்ணெதிரே வைத்தார். மேசை அசையவே இல்லை! அங்கே எவரும் பொய் சொல்லவில்லை. விரும்பியதால் தள்ளினார்கள், தள்ளுகிறோம் என்பதை அறியாதிருந்தார்கள்.

மறு ஆண்டு மே 6 அன்று, இளவரசர் ஆல்பர்ட் முன்னிலையில், மனத்தைப் பயிற்றுவிப்பது பற்றி அவர் ஓர் உரையாற்றினார். நம் விருப்பத்திற்கு இசைவானதை எளிதில் ஏற்கிறோம், மாறானதை விரட்டுகிறோம். ஆகவே விரும்புவதையே கடுமையாகச் சோதிக்க வேண்டும், போதிய சான்று கிடைக்கும்வரை தீர்ப்பை நிறுத்திவைக்கப் பழக வேண்டும் என்பது அதன் சாரம். ஆனால் அவ்வுரையின் தொடக்கத்திலேயே சமயத்தைத் தனியே பிரித்துவிடுகிறார். மறுவாழ்வு பற்றிய உண்மை எத்துணை உயர்ந்த மனித அறிவுக்கும் எட்டாது. அருளப்பட்ட சாட்சியத்தை எளிய மனத்தோடு நம்புவதாலேயே அது கிடைக்கிறது என்கிறார். ஆராய்ச்சிக்கு வெளியேதான் நம்பினார். என் மறையுரை தவறான இடத்தில் நின்றிருந்தது.

ஃபாரடே சார்ந்திருந்தது சான்டிமேனியர் என்னும் சிறு சபை. ஊதியம் பெறும் குருக்கள் அங்கில்லை; செல்வம் சேர்ப்பது தகாது. 1821-இல் அவர் தம் விசுவாசத்தை வெளிப்படையாக அறிக்கையிட்டு அதில் சேர்ந்தார், 1840-இல் மூப்பரானார். 1844-இல் அதே சபை அவரை விலக்கிவைத்தது. சில வாரங்களில் மீண்டும் ஏற்றது. ஞாயிறு வழிபாட்டை விட்டு அரசியின் விருந்துக்குப் போனதே காரணம் என்ற கதை சுவையானது. ஆனால் அப்போது வேறு பலரும் விலக்கப்பட்டதைக் கண்ட வரலாற்றாசிரியர்கள், சபைக்குள் எழுந்த பூசலே காரணம் என்கின்றனர். உலகம் போற்றிய மனிதர் அச்சிறு சபையின் தீர்ப்புக்குத் தலைவணங்கி நின்றார் என்பது மட்டும் மெய்.

அவர் எழுப்பிய மதில் எனக்குச் சற்று உயரமாகவே தோன்றுகிறது. படைப்புகளின் வழியாகப் படைத்தவரை இயல்பான அறிவினாலேயே உறுதியாக அறிய இயலும் என்று 1870-இல் முதலாம் வத்திக்கான் சங்கம் கற்பித்தது. உரோமையர் திருமுகத்தின் அதே வசனத்தை ஃபாரடேயும் தம் உரையில் சுட்டுகிறார். இயற்கை பற்றிய அறிவு இறைவனைப் பற்றியதோடு முரண்படுவதில்லை என்றும் கூறுகிறார். அதற்குமேல் ஓரடி எடுத்துவைக்க மறுக்கிறார். ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தம் விசுவாசம் மேசையின் அசைவை நம்பியிராததால், மேசையை அச்சமின்றிச் சோதிக்க அவரால் முடிந்தது. பட்டியலை விரித்துப் பீடத்தருகே நின்ற நானோ, கைகளை மேசைமேல் வைத்திருந்தேன்.

தமக்கு மிக விருப்பமான கருத்துகளையும் அவர் இவ்வாறே நடத்தினார். ஈர்ப்பு விசைக்கும் மின்சாரத்திற்கும் தொடர்புண்டு என்று உறுதியாக எண்ணி, 1849-இல் பொருள்களை உயரத்திலிருந்து விழச்செய்து சோதித்தார். விளைவு எதுவும் இல்லை என்று வெளியிட்டார். தொடர்பு உண்டென்ற எண்ணம் மட்டும் தம்மை விட்டகலவில்லை என்றும் மறைக்காமல் எழுதினார். 1862 மார்ச் 12 அன்று, நினைவாற்றல் குன்றிவந்த காலத்தில், சுடரின் நிறமாலைக் கோடுகளைக் காந்தம் மாற்றுமா என்று பார்த்தார். மாற்றம் தென்படவில்லை; அப்படியே குறித்துவைத்தார். அதுவே அவருடைய இறுதிச் சோதனை. 1867-இல் அவர் மறைந்தார். அம்முயற்சியைப் படித்தறிந்த ஆலந்து நாட்டுப் பீட்டர் சீமன், மேலும் நுட்பமான கருவிகளைக் கொண்டு, 1896-இல் அந்த மாற்றத்தைக் கண்டார்.