கம்பளிக் கணக்கும் காம்பரா உறக்கமும்

டொராண்டோவில் வசிக்கும் உறவினர் ஒருவரின் மகளுக்கு இது ஏழாவது மாதம். அவளுக்காக வாங்கிய தலையணையை அண்மையில் தொலைபேசிப் படத்தில் காட்டினார்கள். ஆள் உயரம் இருந்தது, பிறைபோல் வளைந்திருந்தது. அதை எந்தப் பக்கமாக வைத்துப் படுப்பது என்று வீட்டில் ஒரு சிறு விவாதமே நடந்துகொண்டிருந்தது. மேல்முனை தலைக்கு, கீழ்முனை இரு முழங்கால்களுக்கும் நடுவில், வளைவு முதுகைத் தாங்கும்படி பின்னால் என்று முடிவாயிற்று. பெண் ஒருக்களித்துப் படுத்துப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் இடுப்புக்குச் சுகமா இருக்கு" என்றாள்.

இதே ஏற்பாட்டை நான் முன்னர் ஒருமுறை கண்டிருக்கிறேன். அது ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், 1984-ல். அங்கே அதற்குப் பயன்பட்டது ஒரு பழங்கம்பளி. அந்தக் காட்சிக்கு வருமுன் கம்பளியின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

மலையக மக்களின் வரலாற்றில் கம்பளி வெறும் போர்வையன்று. அது ஒரு கடன். கோப்பிக் காலத்தில் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கங்காணியின் பின்னால் புறப்பட்டவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். வறண்ட சமவெளியின் வெயிலில் வளர்ந்த உடம்புகள் அவை. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசி மாத விடியற்காலைகளில் அங்கே புல்லின்மேல் உறைபனி படிவதுண்டு. அந்தக் குளிருக்குத் தோட்டம் கொடுத்தது ஆளுக்கொரு முரட்டுக் கம்பளி. கொடுத்தது என்று சொல்வதுகூடத் தவறு. அரிசியைப் போலவே அதன் விலையும் பற்றுக் கணக்கில் ஏறிச் சம்பளத்தில் கழிந்தது. வழிச்செலவும் முன்பணமும் ஏற்கெனவே கணக்கில் இருந்தன. ஆகவே மலையில் முதல் இரவு உறங்கும்போதே அவன் கடனைப் போர்த்திக்கொண்டுதான் உறங்கினான். பகலில் அதே கம்பளி கொங்காணியாக மடிந்து தலையையும் முதுகையும் மழையிலிருந்து காத்தது. இரவில் ஈரம் உலர்ந்தும் உலராமலும் அதுவே பாயும் போர்வையும் ஆயிற்று.

உறங்கிய இடம் லயம். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற கணக்கை மலையகம் பற்றி எழுதிய எல்லோரும் எழுதியிருக்கிறோம். முன்புறம் ஓர் இஸ்தோப்பு, உள்ளே ஒரு காம்பரா. இரட்டை லயமென்றால் பின்சுவருக்கு அப்பால் இன்னொரு குடும்பம். காற்று நுழைந்து வெளியேற வழியில்லை.

ஆனால் அந்த அறை யாருக்காக உருவானது என்ற கேள்வியை நாங்கள் அதிகம் எழுப்பியதில்லை. கோப்பி பருவகாலப் பயிர். பழம் பறிக்கும் மாதங்களில் வந்து, வேலை முடிந்ததும் ஊர் திரும்பியவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். சில மாதங்களுக்கு ஆண்கள் வரிசையாகப் படுத்தெழும்பும் கொட்டடி போதுமென்றே தோட்டத்துரைமார் எண்ணினர். 1869-ல் தென்பட்ட இலைத்துரு நோய் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பியை அழித்தது. 1867-ல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்டிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. தேயிலைக்குப் பருவமில்லை, ஒரு வாரம், பத்து நாளுக்கொருமுறை என்று ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க வேண்டும். அதற்குப் பெண்கள் வேண்டும். பெண்கள் வந்தால் குடும்பம் வரும், பிள்ளைகள் பிறக்கும். பயிர் மாறியது, ஆட்கள் மாறினார்கள், ஊர் திரும்பும் வழக்கமும் நின்றது. கொட்டடியின் வடிவம் மட்டும் மாறவில்லை. ஆண்கள் சில மாதம் முடங்கிக் கிடக்கவென்று அமைந்த வரிசைக் கட்டடத்தில்தான் அதன்பிறகு தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் கருவுற்றுப் படுத்தார்கள்.

அவர்களுடைய பகலையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கூடையின் கயிறு தலையில் மாட்டப்படுகிறது. பாரம் முதுகில் தொங்குகிறது. சரிவில் ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக நின்று, இடுப்பளவுச் செடியின் மேல் குனிந்து, இரு கைகளாலும் கிள்ள வேண்டும். கூடை நிறைய நிறையக் கழுத்து முன்னே இழுபடும், இடுப்பு அதற்கு எதிராக வளையும். விடியுமுன் நான்கு மணியளவில் எழுந்து அடுப்பு மூட்டியவள், இரவு எல்லோரும் உண்டபின் கடைசியாகத் தலைசாய்ப்பாள். தலைக்கு மாச்சாக்கில் பழந்துணி அடைத்த மூட்டை. கீழே தரையில் ஒரு சணற்சாக்கு. இலவம்பஞ்சு சமவெளியில் காய்க்கும் பொருள். மேலே வந்து சேர்ந்தாலும் அது பங்களாவின் மெத்தைக்குத்தான் போயிற்று.

சட்டங்கள் வராமலில்லை. தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கென 1872-லேயே கட்டளைச் சட்டம் வந்தது. 1912-ல் வந்த சட்டம் லயங்களின் சுகாதாரத்தைக் கவனிக்கச் சொன்னது. 1917-ல் சென்னை அரசாங்கத்துக்காக மார்ஜோரிபாங்ஸும் மரைக்காயரும் தோட்டங்களைப் பார்த்து அறிக்கை தந்தார்கள். வெளியார் நுழைய முடியாத தோட்டங்களுக்குள் புடவை வியாபாரி வேடத்தில் சென்று மக்களின் நிலையைக் கண்டறிந்தவர் கோ. நடேசையர், எங்கள் தொழிலின் முன்னோடி அவர். 1939-ல் பிரசவ உதவிச் சட்டமும் வந்தது. கூரை, வடிகால், பிரசவப் பணம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி உண்டாயிற்று. ஏழு மாத வயிற்றோடு கொழுந்தெடுத்துத் திரும்பியவள் அந்த நூற்றிருபது சதுர அடியில், ஆறேழு பேருக்கு நடுவில், எப்படிப் புரண்டு படுப்பாள் என்பது மட்டும் யாருடைய படிவத்திலும் ஒரு கேள்வியாக இடம்பெறவில்லை.

1984 ஏப்ரலில் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்ற நிலை அதன் பிறகுதான் வந்தது. அதையொட்டிச் செய்தி சேகரிக்கச் சென்றிருந்தேன். மாலை மழை பிடித்துக்கொண்டது, பஸ்ஸும் போய்விட்டது. ஒரு லயத்து இஸ்தோப்பில் எனக்குப் பலகை போட்டு, சாயத்தேநீர் தந்தார்கள். உள்ளே அடுப்பருகில் கர்ப்பிணிப் பெண்ணொருத்தி இடுப்பு நோவுடன் மல்லாந்து கிடந்தாள். அவளுடைய அம்மாயி அறுபதைத் தாண்டியவர். பேர் பதிந்து வேலை செய்து ஓய்ந்தவர்.

"மல்லாக்கப் படுக்காத புள்ள. ஒருக்களிச்சுப் படு" என்று அதட்டிக்கொண்டே கிழவி வேலையில் இறங்கினார். கம்பளியை நீளவாக்கில் இறுகச் சுருட்டினார். அதைப் பேத்தியின் முதுகோடு ஒட்டித் தோளிலிருந்து இடுப்புவரை வளைத்து வைத்தார். எஞ்சிய முனையைத் தொடைக்குக் கீழே செருகினார். பழஞ்சேலையை நான்காக மடித்து முழங்கால்களுக்கு நடுவில் வைத்தார். கைத்துண்டு ஒன்றைத் திரட்டி, தரையில் படாமல் தொங்கிய வயிற்றின் அடியில் மெல்லத் தள்ளினார். கடைசியாகத் தலைமூட்டையைத் தட்டி, தோளுக்கும் காதுக்கும் இடையிலுள்ள உயரத்துக்குச் சரி செய்தார். எல்லாம் இரண்டு நிமிட வேலை. பிறகு என்னைப் பார்த்து, "கூடை தூக்குன முதுகுங்கய்யா. ராத்திரி அதுக்கு ஒரு முட்டு வேணும்" என்றார்.

இன்றைய மருத்துவம் சொல்வதும் ஏறக்குறைய இதுவே. ஒருக்களித்துப் படுக்கும்போது மேற்கால் கீழே சரிந்தால் இடுப்பும் கீழ் முதுகும் முறுக்கிக்கொள்ளும். முழங்கால்களுக்கு நடுவே தடுப்பிருந்தால் அது நேர்படும். மல்லாந்தால் கருப்பையின் பாரம் இதயத்துக்கு இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுசெல்லும் பெரிய நாளத்தை அழுத்தும். 28 வாரத்துக்குப் பின் மல்லாந்து உறங்கச் செல்வோருக்குக் குழந்தை இறந்து பிறக்கும் வாய்ப்பு, இடப்பக்கம் படுப்போரைவிட ஏறத்தாழ 2.6 மடங்கு என்று 2019-ல் வெளியான ஒரு கூட்டாய்வு கணித்தது. வலப்பக்கம் படுப்பதிலும் ஆபத்தில்லை என்று அதே ஆய்வு சொல்கிறது. அம்மாயிக்கு இந்த எண்கள் தெரியாது. ஆனால் சிசு மரணம் நாட்டின் பிற பகுதிகளைவிடத் தோட்டங்களிலேயே நெடுங்காலம் மிகுந்திருந்தது. 1973, 1974 பஞ்சத்தில் அது உச்சத்துக்குப் போயிற்று. அந்த ஆண்டுகளையெல்லாம் அவர் அந்த லயத்திலிருந்தே கண்டவர்.

கட்டியணைத்துப் படுக்கும் நீள்தலையணை கிழக்கில் புதியதன்று. ஒல்லாந்தர் ஆண்ட ஜாவாவில் அது வீட்டுக்கு வீடு இருந்தது. 'குலிங்' என்று அங்கே இன்றும் வழங்குகிறது. வியர்வையில் கையும் காலும் ஒட்டாமலிருக்க அங்கே அது தேவைப்பட்டது. மலையகத்தில் குளிருக்கு வந்த பொருளே தாங்கலாகவும் மாறியது. இருப்பது ஒன்றாக இருந்தால் அதுதான் எல்லாமாக வேண்டியிருக்கிறது.

1964 ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள் ஹட்டன் நிலையத்தில் ஏறிய ரயிலை 'ஒப்பாரிக் கோச்சி' என்றே மக்கள் அழைத்தனர். தலைமன்னாரில் கப்பலேறிய மூட்டைகளிலும் கம்பளி இருந்தது. அவர்களில் பலர் நீலகிரித் தேயிலைக் காடுகளில் மீண்டும் குளிருக்குள்ளேயே குடியமர்ந்ததால், அது அங்கும் வீணாகவில்லை. இங்கே தங்கியவர்களுக்கு இந்திய உதவியுடன் தனி வீடுகள் கட்டும் பணி பின்னர் தொடங்கியது. 2017-ல் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். லயத்தில் உறங்குவோர் இன்னும் பல்லாயிரவர்.

அன்று நான் கொழும்புக்கு எழுதிய செய்தியில் சம்பள விபரம் இருந்தது. காம்பராவின் நீள அகலம் இருந்தது. உள்ளே உறங்குவோர் ஏழு பேர் என்ற எண்ணிக்கையும் இருந்தது. கம்பளிச் சுருளைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை; அது செய்தியென்று எனக்குத் தோன்றவில்லை. வீட்டில் இருந்த ஒரே கம்பளியைப் பேத்தியின் முதுகுக்கு வைத்துவிட்ட அம்மாயி, அந்த மழையிரவில் எதைப் போர்த்திக்கொண்டார் என்று நான் கேட்கவுமில்லை.