புளியமரம் நின்ற ரோடு

நம்ம புளியங்குடி வழியாப் போற மதுரை–தென்காசி ரோட்டோட கதை இது.

1689 முதல் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலை போட்டு, ஓரத்தில் மரம் நட்டார் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அந்த வழக்கத்தில் வந்தவைதான் நான் சின்னப்பிள்ளையில் பார்த்த ரோட்டோரப் புளியமரங்கள். மாசி, பங்குனியில் ஏலம் எடுத்தவர் புளி உலுக்குவார். எங்க ஆச்சி அந்த நிழல்லயே உட்கார்ந்து ஓடு உடைத்து, கொட்டை தட்டுவாள். எடைக்குத்தான் கூலி. விரல் புண் ஆறவே ஆறாது. ஆனா அந்தக் காசு தாத்தா கைக்குப் போகாது. என் நோட்டு, பேனா எல்லாம் அதில்தான்.

போன மாசம் அங்க இறங்கிப் பார்த்தேன். ரோடு அகலமாயிட்டு. மரம் மறைச்ச மேற்கு மலை இப்ப முழுசாத் தெரியுது. 2019-ல் தென்காசி தனி மாவட்டமானதால் பலகையில் மாவட்டப் பேரும் மாறிட்டு. ஓரத்தில் எலுமிச்சை லாரி நிக்குது. நம்ம எலுமிச்சைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைச்சது பெருமைதான். காய் பிரிக்கிறது பொம்பளைங்கதான், தகரக் கொட்டகையில். மத்தியானம் அங்க உட்கார முடியாது. ஒத்தப் புளியமரம் மிச்சம் நிக்குது. சாப்பாட்டுத் தூக்கை எடுத்துட்டு எல்லாரும் அதுக்குக் கீழதான் வாறாங்க.