குறைந்த விலையில் மடிக்கணினி: வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

2025-26 பட்ஜெட்டில் தமிழக அரசு, இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது டேப்லெட் வழங்குவதாக அறிவித்தது. எனவே கடைக்குப் போகும் முன், உங்கள் பிள்ளைக்கு அது கிடைக்குமா என்று கல்லூரியில் விசாரியுங்கள்.

புதியது: 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்.எஸ்.டி. இருந்தால் பாடம், தட்டச்சு, ஆன்லைன் குர்ஆன் வகுப்பு எல்லாவற்றுக்கும் போதும். 4 ஜிபி ரேம் விலை குறைவுதான். ஆனால் சீக்கிரம் திணறும்.

பழையது: விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-இல் நிறுத்திவிட்டது. இன்டெல் பிராசஸர் என்றால் 8-ஆம் தலைமுறைக்கு முந்தையவற்றில் பெரும்பாலானவற்றுக்கு விண்டோஸ் 11-க்கு அதிகாரப்பூர்வ அனுமதி இல்லை. அதில் இலவசமான உபுண்டு போட்டுக்கொள்ளலாம். சார்ஜரைக் கழற்றி அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். பேட்டரியின் நிலை தெரிந்துவிடும். விற்பவர் குறையைச் சொல்லியே விற்க வேண்டும். நனைந்த தானியத்தைக் குவியலுக்குள் மறைத்தவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது.

வளைகுடாவிலிருந்து வருவது: நம் மாவட்டத்தில் பல வீடுகளுக்கு அங்கிருந்துதான் வருகிறது. வாரண்டி நாகர்கோவிலில் செல்லுமா என்று வாங்கும் முன்பே கேளுங்கள்.

பணம்: விலையை முதலிலேயே முடிவு செய்து தவணையில் வாங்குவது கூடும், வட்டி கூடாது. ‘நோ காஸ்ட் இஎம்ஐ’ என்றாலும், தாமதமானால் வட்டி உண்டா என்று ஒப்பந்தத்தைப் படியுங்கள். உண்டு என்றால் விட்டுவிடுங்கள். கையிலுள்ள காசுக்கு நல்ல பழையது ஒன்று போதும். பிள்ளையின் கல்வி ஹலாலான பொருளில் தொடங்கட்டும். அல்லாஹ் பரக்கத் செய்வானாக!