மாத்திரைப் போத்தலும் முருங்கையிலையும்

யுத்த காலத்தில் என் காலில் பட்ட காயத்துக்கு மருந்து கட்டும்போது ஐதரசன் பேரொட்சைட்டு ஊற்றுவார்கள். வெள்ளையாக நுரைத்துப் பொங்கும். அழுக்கு வெளியேறுகிறது என்றே அப்போது நினைத்தேன். உண்மையில், எங்கள் கலங்களிலும் குருதியிலும் உள்ள கற்றலேசு என்னும் நொதியம் அந்தத் திரவத்தை நீராகவும் ஒட்சிசனாகவும் உடைப்பதால்தான் அந்த நுரை வருகிறது. உடலின் ஒட்சியேற்றப் பாதுகாப்பைக் கண்ணால் காணக்கூடிய இடம் அது.

இந்தப் பாதுகாப்பு ஏன் தேவை? கலங்களின் இழைமணிகள் உணவிலிருந்து சக்தியைப் பெறும்போது, சுவாசித்த ஒட்சிசனில் ஒரு சிறு பகுதி சுயாதீன மூலிகமாக மாறுகிறது. அதில் சோடி சேராத இலத்திரன் ஒன்று இருக்கும். அது பக்கத்து மூலக்கூறிலிருந்து ஓர் இலத்திரனைப் பறிக்கும். இழந்தது அடுத்ததிடம் பறிக்கும். கலமென்சவ்வின் கொழுப்பில் இது சங்கிலியாகத் தொடரும். புரதங்களும் டி.என்.ஏ.யும் இவ்வாறே சேதமடைகின்றன. புகையிலைப் புகை இந்த மூலிகங்களை மேலும் கூட்டுகிறது.

மென்சவ்விலுள்ள விற்றமின் ஈ தன்னிடமிருந்து ஓர் ஐதரசன் அணுவைக் கொடுத்துச் சங்கிலியை அறுக்கிறது. இழந்ததை அதற்குத் திருப்பிக் கொடுப்பது விற்றமின் சி. ஒன்றுக்கொன்று கைகொடுத்துத்தான் இவை வேலை செய்கின்றன.

வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பும் காசில், பெரியம்மா மாதாமாதம் ஒட்சியேற்ற எதிரி மாத்திரைப் போத்தல் ஒன்று வாங்குகிறார். சுருட்டுக் குடிக்கும் பெரியப்பாவுக்குப் புற்றுநோய் வராது என்று விற்றவர் சொன்னாராம்.

பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடத்திய ஆய்வின் முடிவு 1994இல் வெளியானது. பீற்றா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் நடந்த இதுபோன்ற ஆய்வொன்றும், தீங்கு தெரிந்ததால் 1996 ஜனவரியில் இடைநிறுத்தப்பட்டது.

எனவே பெரியப்பாவிடம் நான் சொன்னது இதுதான்: முதலில் சுருட்டை விடுங்கள். வைத்தியர் எழுதிக் கொடுத்த மருந்தை நிறுத்த வேண்டாம். ஆனால் வீட்டு வாசலில் விற்கும் போத்தலை வாங்க வேண்டாம். வேலியோரத்து முருங்கையிலை, வல்லாரைச் சம்பல், கொய்யா, ஒரு பிடி கச்சான் போதும். கீரையை நெடுநேரம் அவிக்காதீர்கள், அவித்த தண்ணீரையும் ஊற்றாதீர்கள். விற்றமின் சி சூட்டில் அழியும், நீரில் கரைந்து போகும்.

மிஞ்சும் காசுக்கு முட்டையும் மீனும் வாங்கலாம்.