பெட்டி வராத தேர்தல்

1931 ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் ஒரு தேர்தல் நடைபெறாமற் போயிற்று. கலவரம் ஏதும் மூளவில்லை, அரசாங்கம் தடுக்கவுமில்லை. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை என்னும் நான்கு தொகுதிகளுக்கும் நியமனப் பத்திரம் கொடுக்க ஒருவர்தானும் முன்வரவில்லை. அடுத்த மாதம் இலங்கையின் ஏனைய பகுதிகளில் சனங்கள் வாக்களித்துக்கொண்டிருந்தபோது, குடாநாட்டுக்கு வாக்குப்பெட்டி வரவேயில்லை. 50 பேர் தெரிவாகவேண்டிய அரசாங்க சபை 46 பேருடன் கூடிற்று.

‘யாழ்ப்பாணப் பகிஷ்கரிப்பு’ என்ற பெயர் நேயர்கள் பலருக்குக் கேள்விப்பட்ட பெயர்தான். அது தேசாபிமானமா, இனப்பயமா என்று அறிஞர்கள் நெடுங்காலமாக வாதாடி வந்திருக்கிறார்கள். அன்று வராமற்போன அந்தப் பெட்டி யாருடைய பெட்டி என்ற கேள்வியையோ அதிகம் பேர் கேட்டதில்லை. அதற்கு விடை தேட இருபது ஆண்டு பின்னோக்கிப் போகவேண்டும்.

1911 இல் ‘படித்த இலங்கையர்’ பிரதிநிதி ஒருவரைச் சட்டநிரூபண சபைக்கு அனுப்ப ஒரு தேர்தல் நடந்தது. முழு இலங்கைக்கும் சேர்த்து வாக்காளர் மூவாயிரம் பேருக்கு உட்பட்டவர்களே. எல்லாரும் ஆண்கள், ஆங்கிலம் கற்றவர்கள். சேர். பொன். இராமநாதன் அத்தேர்தலில் மார்க்கஸ் பெர்னாண்டோவை வென்றார். சிங்களவர் பலரும் தமிழர் ஒருவருக்கு வாக்களித்த தேர்தல் அது என்று இன்றும் பெருமையாகச் சொல்லுகிறோம். பெருமைக்குரியதுதான். எனினும் அந்த மூவாயிரத்துக்குள் தங்களுடைய பாட்டனார் ஒருவர் இருந்திருப்பாரா என்று எண்ணிப்பார்த்தால், நம்மிற் பெரும்பாலோர்க்கு இல்லையென்றே விடை வரும். 1924 இல் சீர்திருத்தம் வந்த பின்னரும் சனத்தொகையில் நூற்றுக்கு நாலு பேரளவுக்கே வாக்கு இருந்தது.

1927 நவம்பரில் டொனமூர் பிரபு தலைமையிலான ஆணைக்குழு வந்திறங்கிற்று. அதன்முன் சாட்சியம் அளித்த கனவான்கள் அநேகர் வாக்குரிமையைச் சற்றே விரித்தாற் போதும் என்றனர். ஏ. ஈ. குணசிங்காவின் தொழிற்சங்கத்தாரும் பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தாருமே துணிந்து மேலே கேட்டவர்கள். ஆணைக்குழுவோ 1928 இல் வெளிவந்த தன் அறிக்கையில் கேட்டவர்களையும் வியக்கவைத்தது. 21 வயது நிரம்பிய ஆடவர்க்கும் 30 வயது நிரம்பிய பெண்டிர்க்கும் வாக்கு என்றது. பின்னர் பெண்களுக்கும் 21 ஆயிற்று. சுமார் 2 லட்சமாயிருந்த வாக்காளர் தொகை 15 லட்சத்தைத் தாண்டிற்று. எழுதப் படிக்கத் தெரியாதவன் எப்படி வாக்களிப்பான் என்று கேட்டோர்க்குச் செய்கையாலேயே பதில் கிடைத்தது. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம். அந்நிறத்தில் ஒரு பெட்டி. விரும்பியவரின் நிறப்பெட்டியிற் சீட்டைப் போட்டால் முடிந்தது. வீடு, சைக்கிள், உதயசூரியன் என்று நாம் பழகிய சின்னங்களெல்லாம் பின்னால் வந்தவை.

இராமநாதன் இதைக் கடுமையாக எதிர்த்தார். வாக்கு என்பது கல்வியும் சொத்தும் உடையவர்கள் கையில் இருக்கவேண்டிய பொறுப்பு என்பது அவர் எண்ணம். சகலருக்கும் அது போனால் சமூக ஒழுங்கு குலையும் என்று அஞ்சினார். இனவாரிப் பிரதிநிதித்துவம் ஒழிந்தால் தமிழர் எண்ணிக்கையில் அமிழ்ந்துவிடுவர் என்பது அவரது மற்றைய அச்சம். இந்த இரண்டு அச்சங்களையும் பிரித்தே நோக்கவேண்டும். இரண்டாவது அச்சத்துக்குப் பிற்காலச் சரித்திரம் ஓரளவு சாட்சி சொல்லிற்று. முதலாவதற்கு அப்படி ஒரு சாட்சியும் கிடையாது. தள்ளாத வயதில் லண்டன் வரை சென்று வாதாடிய அவர் 1930 நவம்பரிற் காலமானார். அதற்கு முன்னரே, 1929 டிசம்பரில், டொனமூர்த் திட்டத்தைச் சட்டநிரூபண சபை 19 க்கு 17 என்ற கணக்கில் ஏற்றுக்கொண்டிருந்தது. இரண்டே வாக்கு வித்தியாசம்!

யாழ்ப்பாணத்திற் பகிஷ்கரிப்பை நடத்தியவர்கள் இராமநாதனின் வழிவந்தவர்களல்லர் என்பதுதான் இக்கதையின் விசித்திரம். 1924 இல் மாணவர் காங்கிரஸாகத் தோன்றிப் பின் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் மாறிய இயக்கம் அது. ஹண்டி பேரின்பநாயகம், ஒறேற்றர் சுப்பிரமணியம், சட்டத்தரணி நடேசன் போன்றோர் அதன் தூண்கள். 1927 இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்து வந்தவர்கள் இவர்களே. பாடசாலையில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்கவேண்டும், ஒரே பந்தியில் உண்ணவேண்டும் என்று சமாசனத்துக்கும் சமபோசனத்துக்கும் வாதாடினார்கள். சமாசனம் கொடுத்ததற்காகப் பள்ளிக்கூடங்கள் எரிக்கப்பட்ட காலம் அது என்பதை நினைத்தால் அவர்களின் துணிவு விளங்கும்.

இந்த வாலிபர்களுக்குச் சர்வசன வாக்குரிமையின்மேற் கோபமில்லை. தேசாதிபதியின் அதிகாரங்கள் அப்படியே இருந்தன. நிதியும் நீதியும் பொதுச்சேவையும் மூன்று அரசாங்க உத்தியோகத்தர் கையில் இருந்தன. இது சுயராச்சியமா என்பதே அவர்களின் கேள்வி. அக்கரையில் சைமன் கமிஷன் பகிஷ்கரிக்கப்பட்டிருந்தது. லாகூரிற் பூரண சுயராச்சியத் தீர்மானம் நிறைவேறியிருந்தது. உப்புச் சத்தியாக்கிரகம் நடந்து ஓராண்டுதான். அந்தச் சத்தியாக்கிரகத்தில் நின்ற கமலாதேவி சட்டோபாத்யாயா 1931 ஏப்ரலில் வாலிபர் காங்கிரஸ் மகாநாட்டுக்குத் தலைமை வகிக்க வந்தார். அம்மகாநாட்டில் பகிஷ்கரிப்புத் தீர்மானம் நிறைவேறிற்று. போட்டியிட ஆயத்தமாயிருந்த பெரியவர்களும் பின்வாங்கினார்கள். லண்டனில் இருந்த பிலிப் குணவர்த்தனா, யாழ்ப்பாணம் வழிகாட்டிவிட்டது என்று மெச்சி எழுதினார். தெற்கு மெச்சியது, ஆனால் பின்தொடரவில்லை.

ஆக, வாக்கு எல்லாருக்கும் போகக்கூடாது என்ற பெரியவர் ஒரு பக்கம். இந்த வாக்கு போதாது என்ற வாலிபர் மறுபக்கம். நேர்மாறான இரண்டு காரணங்கள் ஒரே இடத்தில் வந்து முடிந்தன. முதன்முதல் வாக்குரிமை பெற்ற பனைத்தொழிலாளியும் கூலி விவசாயியும் வீட்டுப் பெண்ணும் வாக்களிக்கவில்லை. முன்னமே வாக்கு வைத்திருந்தவர்களுக்கு அதை ஒருமுறை விட்டுக்கொடுப்பது ஒரு தியாகம். இன்னும் கையில் தொட்டேயறியாதவர்களுக்கு அது என்னவென்று சொல்வது? தீர்மானம் எடுத்த மேடையில் அவர்களுக்கு இடமிருக்கவில்லை. சமபோசனத்துக்காக அடிவாங்கத் தயாராயிருந்த வாலிபர்களுக்கு இது உறைக்காமற் போனது வியப்பே.

பெண்கள் விடயத்தில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். 1931 இறுதியில் அட்லின் மொலமூரே றுவான்வெலவிலிருந்தும், 1932 இல் நேசம் சரவணமுத்து கொழும்பு வடக்கிலிருந்தும் அரசாங்க சபைக்குத் தெரிவானார்கள். இரண்டு பெண்கள் சபையில் அமர்ந்துவிட்டார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பெண்ணுக்கோ அச்சபைக்கு வாக்களிக்கும் சந்தர்ப்பமே 1934 வரை கிட்டவில்லை.

இங்கே அமெரிக்காவின் கதையைச் சற்று ஒப்பிடலாம். யாழ்ப்பாணத்தாருக்கு அமெரிக்கா அவ்வளவு தூரத்து நாடன்று. 1816 முதல் அமெரிக்க மிஷன் இங்கு வேரூன்றிற்று; வட்டுக்கோட்டைச் செமினரியும் 1841 இல் ‘உதயதாரகை’யும் அவர்கள் தந்தவை. பேரின்பநாயகம் படித்ததும் அவர்கள் வழிவந்த யாழ்ப்பாணக் கல்லூரியில்தான். அந்த அமெரிக்கர்களின் அரசியல் யாப்பு 1787 இல் எழுதப்பட்டது. அதில் கட்சி என்ற சொல்லே இல்லை. கட்சி மனப்பான்மை நாட்டைக் கெடுக்கும் என்று ஜோர்ஜ் வாஷிங்டன் 1796 இற் பதவி விலகப்போகையில் எச்சரித்தார். அவருடைய மந்திரிசபையிலேயே ஹமில்டனும் ஜெபர்சனும் இரண்டு அணிகளாகிவிட்டிருந்தனர். சொத்துத் தகுதி நீங்கி வெள்ளை ஆடவர் பெருந்தொகையாக வாக்காளரானதும், அவர்களைத் திரட்ட ஊரூராகக் கட்சிக் கிளைகள் எழுந்தன. இன்று வேட்பாளர் யார் என்பதையே பிறைமரி எனப்படும் முதற்கட்ட வாக்கெடுப்பில் வாக்காளர் முடிவு செய்கிறார்கள். ஆயினும் பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குக் கிடைத்தது 1920 இல்தான். கறுப்பு மக்களுக்கோ 1870 இற் சட்டத்திற் கொடுத்த வாக்கை, வாசிப்புப் பரீட்சை என்றும் தலைவரி என்றும் சொல்லித் தென் மாநிலங்கள் பறித்து வைத்திருந்தன. 1965 ஆம் ஆண்டுச் சட்டம் வரை அந்த அநீதி நீடித்தது. எழுத்தறியாதவனுக்கு வாக்கு எதற்கு என்று அங்கே கேட்டவர்களின் குரலும் இங்கே கேட்டவர்களின் குரலும் ஒன்றுபோலவே ஒலிப்பதை நேயர்கள் கவனிக்கலாம்.

டொனமூர் ஆணைக்குழுவும் வாஷிங்டனைப் போலக் கட்சியில்லாத அரசியலொன்றைக் கற்பனை செய்தது. சபை ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரியும், குழுவின் தலைவரை அதன் உறுப்பினரே தெரிவர், அவரே மந்திரி. கட்சி இல்லாவிட்டால் மனிதர் தனித்தனியாகச் சிந்திப்பர் என்பது எதிர்பார்ப்பு. நடந்தது வேறு. கட்சி நிற்கவேண்டிய இடத்தில் இனமும் சாதியும் குடும்பமும் வந்து நின்றன. 1934 இல் நான்கு தொகுதிகளுக்கும் இடைத்தேர்தல் வைக்கப்பட்டபோது, யாழ்ப்பாணத்தில் வந்தவர் இராமநாதனின் தம்பி அருணாசலத்தின் மகன் மகாதேவா. காங்கேசன்துறையில் வந்தவர் இராமநாதனின் மருமகன் நடேசபிள்ளை. பருத்தித்துறையில், 1931 இல் மன்னார்–முல்லைத்தீவிற் போட்டியிட்டுத் தோற்றிருந்த ஜி. ஜி. பொன்னம்பலம் வந்தார். 1936 இல் ஏழு மந்திரிகளும் சிங்களவராகவே அமைந்தார்கள். எந்தக் குழுவில் எத்தனை பேர் இருந்தால் இது கைகூடும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தவர் கணிதப் பேராசிரியர் சுந்தரலிங்கமே என்று சொல்வதுண்டு. ‘ஐம்பதுக்கு ஐம்பது’ கோரிக்கை அதன் பின்னால் எழுந்தது.

பகிஷ்கரித்ததனால்தான் தமிழர் மந்திரிப் பதவியை இழந்தனர் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். 1931 ஐப் பொறுத்தவரை அது சரியாக இருக்கலாம். 1936 இல் நான்கு ஆசனங்களும் நிரம்பியிருந்தன. சபாநாயகர்கூட ஊர்காவற்றுறைப் பிரதிநிதி துரைசுவாமிதான். எனினும் மந்திரிசபை அப்படித்தான் அமைந்தது. ஆகவே அந்த வாதத்தை அளவுக்கு மிஞ்சி இழுக்கக்கூடாது. பேரின்பநாயகம் 1947 இல் வட்டுக்கோட்டையில் வாக்குக் கேட்டு நின்று தோற்றார். வாக்காளர் அவரை ஏன் விட்டார்கள் என்பதற்கு வேறு காரணங்கள் உண்டு. ஆனால் வாக்குவேண்டாம் என்று சொன்ன ஊரிலேயே வாக்குவேண்டும் என்று நின்ற அவருடைய நிலையை எண்ணாமலிருக்க முடியவில்லை.

பகிஷ்கரிப்பு என்ற சொல் அதன்பின்னும் யாழ்ப்பாணத்தைவிட்டுப் போகவில்லை. 1994 பொதுத் தேர்தலில் குடாநாட்டின் பெரும்பகுதியில் வாக்கெடுப்பே நடவாதபோது, பத்தாயிரத்துச் சொச்சம் வாக்குகளோடு ஒரு சுயேச்சைக் குழு 9 ஆசனங்களைப் பெற்றது. 2005 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலில் விடுதலைப் புலிகள் விடுத்த பகிஷ்கரிப்பு அழைப்பின்போது, யாழ்ப்பாண மாவட்டத்தில் இடாப்பிலிருந்த ஏறத்தாழ 7 லட்சம் பேரில் வாக்களித்தவர்கள் நூற்றுக்கு ஒன்றேகால் வீதம்கூட இல்லை. வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையே நாடு முழுவதிலும் இருந்த வித்தியாசம் சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம். அன்று வீட்டிலிருந்தவர்களுள் யார் கொள்கைக்காக இருந்தார், யார் அச்சத்தால் இருந்தார் என்பதை எந்தப் புள்ளிவிபரமும் சொல்லாது. 1931 இல் அச்சுறுத்தும் துப்பாக்கி இருக்கவில்லை. அவ்வளவு வேறுபாட்டை ஒப்புக்கொள்ளவேண்டும். சாதாரண வாக்காளனிடம் கேட்கவில்லை என்பது மட்டும் இரண்டுக்கும் பொது.

ஒடுக்கப்பட்ட மக்கள் பின்னாளில் வாக்கைத் தாங்களே கையில் எடுத்தார்கள். சிறுபான்மைத் தமிழர் மகாசபை 1940 களில் எழுந்து, சோல்பரி ஆணைக்குழு முன் தனியாகவே சென்று தன் குறைகளைச் சொல்லிற்று. அதன் தலைவர்களுள் ஒருவரான எம். சி. சுப்பிரமணியம் 1970 இல் பாராளுமன்றம் புகுந்தார். ஆனால் நியமன உறுப்பினராகத்தான். அச்சமூகங்களிலிருந்து ஒருவர் குடாநாட்டு மக்களின் வாக்கினால் தெரிவாகிப் பாராளுமன்றம் போனது 1977 இல், உடுப்பிட்டித் தொகுதியில், த. இராசலிங்கம். பெட்டி வராத அந்தத் தேர்தல் நடந்து அப்போது 46 ஆண்டுகள் கழிந்திருந்தன.